தவளை வண்டியின் முட்டுக்கல்

3 ஜூன் 1957, திங்கள்

இன்றைக்கும் இருபத்தைந்து நிமிடம். ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லாரும் கேட்டில் வரிசையாக நின்று, வாட்ச்காரர்கள் உடம்பைத் தடவிப் பார்த்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் வெயிலில் நிற்கிறேன். வாட்ச் ஜமேதார் ஏசுபாதம் சீட்டைக் கழற்றுகிறார், மிதியடியைத் தூக்குகிறார், டிக்கிக்குள் தலையை விடுகிறார். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க ஒர்க்ஷாப் ஃபிட்டருக்குச் சீமை ஸ்போர்ட்ஸ் கார் எப்படி வந்திருக்கும்? தங்கம் திருடித்தான் வந்திருக்கும்! ஆர்தர் துரை கப்பல் ஏறும்போது, "ஆறு வருஷம் இதற்கு வைத்தியம் பார்த்தவன் நீ, நீயே வைத்துக்கொள்" என்று எழுதிக் கொடுத்த கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. காட்டிக் காட்டி மடிப்பில் கிழிந்தே போயிற்று.

"இன்னாப்பா தம்மபாலா, சைக்கிள்ல வந்தா சீக்கிரம் வூட்டுக்குப் போலாமே" என்றார். சிரிக்காமல் சொல்கிறார்.

மாட்டேன். துரை ஓட்டினா ஷோக்கு, நான் ஓட்டினா திருட்டா? தினமும் இதில்தான் வருவேன்.

5 ஜூன்

ஹேண்ட் பிரேக் கம்பி சீமையிலிருந்து வரவேண்டும். வராது. ஒர்க்ஷாப் வாசலும் சரிவு, கேட்டும் சரிவு. கியரில் விட்டாலும் நழுவுகிறது. ஜனவரியில் வண்டி கைக்கு வந்த அன்று கேட்டுக்கு உள்ளே, கல் தொட்டி ஓடும் டிராம் தண்டவாள ஓரத்தில் பொறுக்கிய முட்டுக்கல்தான் இன்றைக்கும் கதி. தேங்காய் அளவு. கிரீஸும் சேறும் பூசிக் கறுத்துவிட்டது. நிறுத்தினால் சக்கரத்தடியில், ஓட்டினால் பக்கத்து சீட்டின் காலடியில். ஏசுபாதம் வண்டியைப் பிரித்து மேயும்போதுகூட வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

9 ஜூன், ஞாயிறு

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட். பக்கத்து சீட்டில் அரிசி மூட்டை, அதன் காலடியில் மண்ணெண்ணெய் டின். இருப்பதே இரண்டு சீட்டு என்பதால் சம்பங்கி பஸ்ஸில் வந்தாள். ரயில்வே கேட் மேட்டில் வண்டியின் அடிவயிறு மாட்டிக்கொண்டு நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது. அவள் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டாள்.

"பொண்டாட்டி பஸ்ல, அரிசி கார்ல. நல்ல துரையைக் கட்டிக்கினேன்!" எங்கள் லைன் வீடுகள் முழுவதும் சிரித்தது. தவளை வண்டி என்று பேர் வைத்தவர்களும் இவர்கள்தான். சாப்பிடும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்: "வித்துடுங்க. எனக்கு பயமா கீது."

18 ஜூன்

அவள் பயம் எனக்குத் தெரியாதா?

1941. அப்பாவின் தூக்குச் சட்டிக்குள் ஒரு கல். தங்கம் ஓடும் கல் கையில் இருந்தாலே குற்றம், எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. "எனக்குத் தெரியாது, யாரோ போட்டிருக்காங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாராம் அப்பா. மூன்று மாதம் ஜெயில். மூன்றாம் நாளே எங்கள் சாமான்களை கம்பெனி கொடுத்திருந்த ஸ்கெலட்டன் லைன் வீட்டிலிருந்து வெளியே எடுத்து வைத்தார்கள். எனக்குப் பதினாலு வயது. நனைந்த பாயை நான்தான் சுருட்டினேன். அப்பா அதற்கப்புறம் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சட்டியைத் திறந்தவர் இதே ஏசுபாதம். அப்போது மீசை கறுப்பு.

26 ஜூன்

இன்று சீட்டின் தையலையே பிரித்துவிட்டார். சம்பங்கி தைத்துக்கொண்டிருக்கிறாள்.

6 ஜூலை, சனி

இப்பவே எழுதிடறேன்.

மத்தியானம் பெரிய மழை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி முட்டுக்கல் வைத்திருந்தேன். போன வாரம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது மண்ணெண்ணெய் ஒழுகியதில் கல்லின் கிரீஸ் இளகியிருந்தது போல. தகரக் கூரைத் தண்ணீர் ஒரு மணி நேரம் நேராக அதன்மேல் ஊற்றியது. மழை விட்டதும் எடுக்கக் குனிகிறேன் — நீலம் பாய்ந்த வெள்ளைக் கல். நடுவில் மஞ்சள் இழை. ஒண்ணு இல்ல, மூணு.

தங்கம்.

ஐயோ, ஆறு மாசமா! தினம் தினம் ஏசுபாதத்தோட மூக்குக்கு முன்னாடி சக்கரத்துக்கு அடியிலேர்ந்து எடுத்து, வண்டில போட்டுக்கினு, கேட்டைத் தாண்டி வந்திருக்கேன். எவன் நம்புவான்? அப்பா இருந்தா நம்புவாரு. அவரு ஒருத்தர்தான் நம்புவாரு.

7 ஜூலை

அரிசிப் பானைக்குள் இருக்கிறது. உடைக்கலாம் என்றால் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். "ஏரில வீசிடுங்க" என்கிறாள் சம்பங்கி. நான் எங்கே போனாலும் தவளை எங்கே என்று பத்துப் பேர் கேட்கிறார்கள், ஏரிக்கரையில் கேட்காமல் விடுவார்களா? வாட்ச்காரர்கள் எந்த நேரத்தில் லைனில் புகுந்து பானையைக் கவிழ்ப்பார்கள் என்றும் சொல்ல முடியாது.

உள்ளே போகும்போது சோதனை கிடையாது. நாளைக்கு எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறேன். அது அவர்கள் கல். அங்கேயே கிடக்கட்டும்.

8 ஜூலை

மறுபடி கிரீஸ் பூசிக் கொண்டுபோனேன். தண்டவாளத்துப் பக்கம் நாள் முழுக்க ஆள். கடைசியில் ஒர்க்ஷாப் வாசலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். கேட்டில் நிற்கிறேன், பின்னால் மூச்சு வாங்க வருகிறார் ஏசுபாதம். கையில் கல்!

"இன்னாப்பா, ஒன் கல்லை வுட்டுட்டு வந்துட்டியே. வண்டி உருண்டு எவன் மேலயாவது ஏறினா?"

நீட்டுகிறார். பத்து பேர் பார்க்கிறார்கள்.

"வேணாங்க. பிரேக்கு... சரியாயிடுச்சு."

"அப்டியா? நல்லதா போச்சு." கேட்டின் வெளிப்பக்கம் திறக்கும் இரும்புக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். கல்லை அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டார். பிறகு வழக்கம்போல் என் சீட்டைக் கழற்றினார்.

9 ஜூலை

தப்பித்தேன். நேற்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

20 ஜூலை

பிரேக் சரி என்று சொன்னவன் கட்டை வைக்க முடியுமா? வண்டி நழுவி ஒர்க்ஷாப் சுவரில் இடித்தது. ஒரு விளக்கு போச்சு. தவளைக்கு இப்போது ஒற்றைக் கண்.

10 ஆகஸ்ட், பௌர்ணமி

விகாரையில் பஞ்சசீலம் சொன்னோம். கொடுக்காததை எடுக்க மாட்டேன் என்று வாய் சொல்கிறது, மனசு கேட்டில் நிற்கிறது. மத்தியானம் உத்தரவு ஒட்டியிருந்தார்கள்: பதினைந்தாம் தேதி கொடியேற்றம், கேட் ஓரத்துக் கல்லையெல்லாம் சலவைச் சோடா போட்டுத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வேலை.

கழுவினால் மஞ்சள் தெரியும். கேட்டுக்கு வெளியே, ஜமேதார் தன் கையால் வைத்த கல். அவருக்கு ரிட்டயராக எட்டு மாதம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அப்பாவுக்குச் செய்ததற்கு வட்டியோடு சேர்ந்துவிடும். சம்பங்கியிடம் சொன்னேன். "ஒங்களுக்கு அது வேணுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வேண்டும் போலத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

12 ஆகஸ்ட், திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஷிப்ட் கலைந்ததும் தனியாகக் கூப்பிட்டு, கல்லைக் காட்டி, கந்தலால் ஒரு மூலையைத் துடைத்துக் காட்டினேன். ஜனவரியிலிருந்து நடந்தது முழுவதும் சொன்னேன். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றேன். சொல்லும்போதே யாருடைய வார்த்தை அது என்று உறைத்தது. அவருக்கும் உறைத்தது. விசிலை எடுத்து வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். சம்பங்கி பாய் சுருட்டுவதுதான் கண்ணில் தெரிந்தது.

"ஒங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு" என்றார். விசிலைக் கீழே இறக்கி, "நான் நம்பல" என்றார்.

விசிலைப் பையில் போட்டார். கல்லை எடுத்துக்கொண்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பெரிய உடம்பு, முட்டி நெஞ்சில் இடித்தது. மடியில் கல், அதன்மேல் கவிழ்த்த தொப்பி. "ஓட்டு."

கல் அரைக்கும் மில்லுக்குப் போகும் டிராம் தொட்டிகள் வரிசையாக நின்றன. இறங்கி, நாலாவது தொட்டியில் கல்லை அவரே போட்டார். நூறு கல்லோடு அதுவும் ஒரு கல். திரும்பி வரும்போது தொப்பியை மடியிலேயே வைத்திருந்தார். கேட்டருகே, "ஒங்கப்பா எப்ப தவறினாரு?" என்று கேட்டார். நாற்பத்தாறில் என்றேன். தலையை ஆட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அது மட்டும் தெரியும்.

16 ஆகஸ்ட், வெள்ளி

கேட் ஓரமெல்லாம் பளிச்சென்று வெள்ளைக் கல். ஏசுபாதம் இன்றும் சீட்டைக் கழற்றினார், மிதியடியைத் தூக்கினார், டிக்கிக்குள் தலையை விட்டார். இருபத்தைந்து நிமிடம்.

முடிந்ததும் தன் அறைக்குப் போய் ஒரு கட்டை எடுத்து வந்தார். சக்கரத்துக்கு அளவாக ஒரு பக்கம் சீவி, தூக்குவதற்குக் கயிறு கோத்திருந்தது. "பிரேக்கு சரியாவல, எனக்குத் தெரியும். இதை வெச்சிக்க" என்றார்.

கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கட்டையையும் நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.