தெருக்குழாய்க்கு வந்த மீட்டர்

சிவமயம்

ஆத்தடிக் கடைவீதி,
ரத்தோட்டை ரோடு, மாத்தளை.
வெகுதானிய வருடம் ஆவணி 14

அன்பு மகள் சௌபாக்கியத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், திருச்சினாப்பள்ளியில் நீயும் உன்னோடு விடுதியில் இருக்கும் டீச்சர்மாரும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். நீ போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டிலும் தண்ணீர் மனு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். அப்பா பதில் எழுதுவார் என்று ஒரு மாதம் பார்த்தேன். கடதாசியை எடுத்து வைத்து முதல் வரியில் உன் பெயரை எழுதினார், பிறகு அந்தக் கடதாசியிலேயே யாருக்கோ மிளகு மடித்துக் கொடுத்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன். நல்ல செய்தி இல்லை, ஆனால் உனக்குத் தெரியாமல் இருப்பது சரியும் இல்லை.

போன வருஷம் ஆடியில் மலை ஊற்று வற்றிப்போய் நகரசபையின் தண்ணீர்த் தொட்டியில் பாதிகூட நிறையவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா. நம் தெருவில் நாற்பது வீடு, ஒரு குழாய். விடியுமுன்னே வரிசை நின்றால்தான் இரண்டு குடமாவது கிடைக்கும். அதே தொட்டித் தண்ணீர்தான் மேட்டுத் தெருவில் வக்கீல் வேலை பார்க்கும் புரொக்டர் ஐயாவின் பங்களாவுக்கும் போகிறது. அங்கே மனிதர் இரண்டு பேர், குழாய் ஆறு. புல்லுக்கு ஊற்றி, ரோசாவுக்கு ஊற்றி, மீன் தொட்டிக்கு ஊற்றி, மிஞ்சியது ரோட்டோரச் சாக்கடைக் கானில் ஓடும். நாங்கள் தலையில் குடத்தோடு அந்தக் கானைத் தாண்டித்தான் வருவோம். அவர்களுக்கும் ஒரு வீட்டுக்கு என்ன வரியோ அதேதான், நமக்கும் அதேதான். அதை நான் உனக்கு ஒரு வரி எழுதப் போய்த்தான் நீ நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினாய்.

அந்தக் கடிதத்தை அப்பா எத்தனை தரம் வாசித்தார் என்பது எனக்குத்தான் தெரியும். எவ்வளவு எடுத்தாலும் ஒரே வரி என்றால் யாரும் குழாயை மூட மாட்டார்கள், வாழத் தேவையான அளவுக்குக் குறைந்த விலையும் அதற்கு மேலே போகப் போக ஏறுகிற விலையும் வைத்தால் வீணாக்குகிறவன் தானே கையைச் சுருக்குவான், அப்படி வரும் பணத்தில் இல்லாதவர்களுக்கு இன்னொரு குழாய் போடலாம் என்று எழுதியிருந்தாய். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா அதை உரக்க வாசித்துக் காட்டினார். சீனி வாங்க வந்தவர்கள் சீனியை மறந்து கேட்டார்கள். நம் மகள் பி.ஏ. படித்தது நம் தெருவுக்கு உதவுகிறது என்று அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்த முகத்தை நீ பார்க்கவில்லையே என்று அப்போது எனக்கு ஏக்கமாக இருந்தது. இப்போது பார்க்காததே நல்லது என்று தோன்றுகிறது.

உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மனுவை எழுதினார். தண்ணீரை அளக்க மீட்டர் வைக்க வேண்டும், ஒரு குழாய்க்கு மாதம் மூவாயிரம் காலன் தண்ணீர் வரை பழைய வரியே போதும், அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் விலை கூட வேண்டும் என்று எழுதினார். ஒரு குழாய்க்கு என்றுதான் நீயும் எழுதியிருந்தாய். வீட்டுக்கொரு குழாய் இருக்கும் பட்டணத்தை நினைத்து எழுதியிருப்பாய். அப்பா அப்படியே பார்த்து எழுதினார். குடம் தூக்காத மனிதர், அவருக்கு அது உறைக்கவில்லை. ஆனால் எழுதி முடித்து என்னிடம் தந்தார் சௌபாக்கியம், நான் இரண்டு தரம் வாசித்தேன். இருபது வருஷம் அந்தக் குழாயடியில் நின்றவள் நான். என் கண்ணுக்கும் படவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். தெருவில் வீட்டுக்கு ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள், அப்பம் சுடும் றஹீமா பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டு, ஒங்கட மகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று சொல்லிப் போனாள்.

சபையில் மனுவை ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள். சேர்மன் புரொக்டருக்குச் சம்பந்தி, அவரே எழுந்து இது நல்ல யோசனை, ஒரு சொல்கூட மாற்றாமல் நடத்துவோம் என்றாராம். அப்பா அதைக் கேட்டுவிட்டுத் தேர் இழுத்த பிள்ளைபோல வீட்டுக்கு வந்தார். அதுவரை நம்மிடம் அவர்கள் அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னதே கிடையாது. சித்திரையில் மீட்டர் வந்தது. கடிகாரம்போலக் கண்ணாடி முகம், அடியில் இரும்புப் பெட்டி. புது லொறிக்குச் செய்வதுபோல அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து அப்பா தேங்காய் உடைத்தார். பூட்ட வந்த ஓவர்சியர் ராசையாவுக்கு வேட்டி வைத்துக் கொடுத்தோம்.

மாதம் முடிந்ததும் கணக்கு வந்தது. நாற்பது வீட்டுக்காரர் குடிக்கிற குழாய்க்கு மூவாயிரம் காலன் எத்தனை நாளைக்கு வரும், நீயே யோசித்துப் பார். நாலாம் நாள் தாண்டிவிட்டதாம். பிறகு எடுத்த ஒவ்வொரு குடமும் ஏறின விலை. ஊரிலேயே அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் செலவழிக்கும் குழாய் என்று நம் குழாயைச் சபை வாசலில் எழுதி ஒட்டினார்கள். புரொக்டர் பங்களா வாசலில் ஒரு மீட்டர், அது காட்டியதை ஆறு குழாய்க்கும் பிரித்தார்கள், ஒன்றுகூட மூவாயிரத்தைத் தாண்டவில்லை. அப்பா ஓவர்சியரிடம் ஓடினார். அவர்களுடையதை ஆறாகப் பிரித்தால் எங்களுடையதை நாற்பதாகப் பிரியுங்கள் என்று கேட்டிருக்கிறார். ராசையா மனுவை எடுத்து முன்னால் வைத்து, கடைக்கார ஐயா, குழாய்னுதானே எழுதி இருக்கு, வீடுன்னு எங்கயாச்சும் இருந்தாக் காட்டுங்க, நான் ஒரு எழுத்தும் மாத்தலைங்க, என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் வைத்த வேட்டியைத்தான் அன்றைக்கும் கட்டியிருந்தாராம்.

அதன் பிறகு குழாயடி குழாயடியாக இல்லை. முன்பு நான் போனால் ஒதுங்கி இடம் விடுவார்கள், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்கள், டீச்சரம்மாவின் தாய் என்று. இப்போது எதிர்வீட்டு அழகாயி, பி.ஏ. தண்ணி வருது, சிந்தாம எடுங்கடி, சிந்தினா அதுக்கும் வெலை, என்று நான் வரும்போது பார்த்துச் சொல்வாள். சிரிப்பார்கள். நானும் சிரித்துப் பார்த்தேன், அது பிறகு முடியவில்லை. வந்த கட்டணத்தை எப்படிப் பகிர்வது என்று கடைவாசலில் கூட்டம் போட்டார்கள். வீட்டுக்கு வீடு சமமாக என்று ஒருவர் சொன்னார். அதற்கு அழகாயியின் புருஷன், கூட எடுக்கிறவங்க கூடக் கொடுக்கட்டும், அதுதானே ஒங்க மக எழுதினது, என்று றஹீமா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். அவள் மாவுக்கு அரிசி களையவும் சட்டிபானை கழுவவும் ஆறு தகரம் தண்ணீர் எடுப்பாள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, சொன்ன நியாயம் சொன்னதுதான், என்றார். றஹீமா கத்தவில்லை. அப்பாவிடம், நல்லையா மொதலாளி, என்ட வீட்டுல ஒம்பது வயிறு இரிக்கிது, அந்தப் பங்களாவுல ரெண்டு, அங்க போயி இந்த நியாயத்தச் சொல்லிட்டு வாங்க, பொறகு நான் தாரேன், என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் முதல் நம் கடையில் அவள் அரிசி வாங்குவதில்லை. அவளுடைய அப்பம் நம் வீட்டுக்கு வருவதும் இல்லை.

இரண்டு மாதக் கட்டணம் நிலுவையானதும் சபை குழாய்க்குப் பூட்டுப் போட்டது. கட்ட வேண்டும், அல்லது மனுவை வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் கடதாசியைக் கிளார்க்கே எழுதி வைத்திருந்தார். நாங்கள் முன்பு கேட்டது அறியாமையால், கூட எடுத்தாலும் குறைய எடுத்தாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே வரி என்பதே நியாயம், இனி இதைப்பற்றிக் கேட்க மாட்டோம் என்று அதில் இருந்தது. முதல் கையெழுத்து மனுக் கொடுத்த வீட்டாருடையதாக இருக்க வேண்டுமாம். அப்பா மாட்டேன் என்றார். குழாய் என்று எழுதியது என் பிழை, அதற்கு அடி வேண்டுமானாலும் வாங்குகிறேன், ஆனால் ஒரே வரிதான் நியாயம் என்று என் கை எழுதாது என்றார். ஆள் கணக்குப்படி திருத்தி இன்னொரு மனு எழுதுவேன், மகளிடம் கேட்டு இங்கிலீஷில் எழுதுவேன் என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அன்றைக்குக் குழாய் பூட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது.

ஐந்து நாளும் எல்லோரும் ஆற்றுக்குப் போனோம். உனக்கு அந்தச் சரிவு தெரியும், இறங்குவது சுலபம், ஏறும்போது நெஞ்சு வெடிக்கும், மேலே தோட்டத்து லயக் குடியிருப்புகளின் அழுக்கெல்லாம் கலந்து வருகிற தண்ணீர் வேறு. ஆறாம் நாள் றஹீமாவின் மகள் றஸ்மியா எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் அவளுக்கு. பாதியில் நின்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள், தகரம் கைவிட்டு உருண்டு கீழே போய்விட்டது. அவளால் எழும்ப முடியவில்லை, முகம் வெளுத்து வேர்த்துப்போயிருந்தது. நான் என் குடத்தை அவள் பக்கத்தில் வைத்து, இதைக் கொண்டு போ பிள்ளை, நான் திரும்ப இறங்கி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே, வாணாம் மாமி, ஒங்கட தண்ணி எங்களுக்கு வாணாம், என்றாள். சின்னப் பிள்ளையில் நீயும் அவளும் ஒரே பாயில் தூங்கியவர்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. குடத்தை அங்கேயே சரித்துக் கொட்டிவிட்டு, ஈரச் சேலையோடு நேரே சபைக்குப் போனேன். கிளார்க் எழுந்துகூட நிற்கவில்லை. பேனாவைத் தந்தார். நானும் மனுக் கொடுத்த வீட்டார்தானே, என் பெயரை முழுவதுமாக எழுதினேன். சர்க்கார் கடதாசியில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. கேட்டது அறியாமை, ஒரே வரிதான் நியாயம் என்ற பொய்யின் கீழே, பொய் என்று தெரிந்தே போட்டேன். அன்று பின்நேரம் குழாய் திறந்தது. பெண்கள் குடங்களோடு ஓடி வந்தார்கள், ஒருவரும் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, அழகாயிகூட. மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய வரி, பழைய வரிசை. மேட்டுத் தெருவில் கானில் தண்ணீர் ஓடுகிறது. நிலுவையைத் தள்ளிவிட்டதற்குச் சேர்மனுக்கு மாலை போட வேண்டும் என்று தெருவில் சிலர் பேசுகிறார்கள், போடுவார்கள்.

நான் கையெழுத்துப் போட்டது அப்பாவுக்கு அன்றிரவே தெரிந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் கடை வாளியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கினார். அன்றிலிருந்து அவருக்குக் குளிக்கவும் குடிக்கவும் அவரே கொண்டுவருகிறார், காய்ச்சிக் கொடு என்றுகூட என்னிடம் சொல்வதில்லை, அவரே அடுப்பில் வைத்துக்கொள்கிறார். முழங்கால் வீங்கியிருக்கிறது. நான் குழாய்த் தண்ணீரில் போடும் தேத்தண்ணீரைத் தொடுவதில்லை. கோபமாகப் பேசினாலாவது தாங்கலாம். நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை, நீ சொல்ல வேண்டாம். நீ படித்ததும் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆள் கணக்கு என்று திருத்தி எழுதினால் அது நல்ல மனுவாகத்தான் இருக்கும். அப்பா கேட்டால் எழுதி அனுப்பு, உன் கையெழுத்தைப் பார்த்தாவது அவர் முகம் கொஞ்சம் தெளியட்டும். ஆனால் அதில் கையெழுத்துப் போட இனி இந்தத் தெருவில் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு எழுது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மற்றபடி கடையில் வியாபாரம் பாதியாகிவிட்டது, பரவாயில்லை, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீ வெயிலில் குடை இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகாதே, இருமல் திரும்பியிருந்தால் மறைக்காமல் எழுது. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, சுகம் விசாரித்து, பிள்ளைகளுக்கு என்ன பாடம் எடுக்கிறாய் என்று எழுது, அதுபோதும். உனக்கு நீண்ட ஆயுளும் மனத்தெளிவும் உண்டாகட்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு. மார்கழி விடுமுறைக்கு அவசியம் வா. வந்தால் குழாயடிக்கு மட்டும் நீ போக வேண்டாம். உனக்கு வேண்டிய தண்ணீரை நான் எடுத்து வைக்கிறேன்.

உன் அம்மா,
பரிமளம்