சத்தத்துக்கு வைத்தியம்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கார் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன அதே வண்டி, நீங்கள் வேண்டாம் என்ற அதே வெள்ளை. "என் மச்சான் அச்சகத்துல பிழை திருத்திக்கிட்டே வண்டிக்கு நாடி பார்த்துடுவாரு" என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பதினாறு வயசாகியும் குட்டிக்கு அப்பாவின் காரைக் கண்டு தலைகால் புரியவில்லை.

ஒரே குறை, பெல்ட் போடாவிட்டால் மணி அடிக்கிறது. மருந்துப் பெட்டிகளை இறக்க ஒரு நாளைக்கு நாற்பது கடையில் ஏறி இறங்குகிற மனுஷன், நாற்பது தடவை பெல்ட் மாட்டுவாரா? "இதுக்கு நீயே தேவலாம்டி" என்கிறார். சத்தத்துக்கு ஏதாவது வைத்தியம் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

பிப்ரவரி 15

என் செல்லத் தங்கச்சிக்கு,

வெள்ளை வாங்கிவிட்டீர்களா? இனி வாளியும் துணியுமாக அலையுங்கள். போகட்டும், கியர் வைத்த வண்டி எடுத்தாரே மாப்பிள்ளை, அதற்கே கை கொடுக்க வேண்டும். தானாக கியர் மாறும் வண்டி, மென்று ஊட்டிவிட்ட சோறு. ஹாரனை நம்புகிறவனுக்கு பிரேக் தெரியாது. கடைத்தெருவில் நாற்பதுக்கு மேல் போகாதே என்று பலகை வைத்தவன் நடந்து போகிறவனாகத்தான் இருப்பான்.

பெல்ட் விஷயம். நெடுஞ்சாலையில் போடட்டும். ஊருக்குள் அந்த மணி, ஓட்டத் தெரியாதவர்களுக்காக வைத்தது. இதோடு ஒரு க்ளிப் வைத்திருக்கிறேன். பெல்ட் மாட்டுகிற பூட்டில் செருகினால் பெல்ட் போட்டதாக வண்டி நம்பிவிடும். மாப்பிள்ளைக்கு என் பரிசு.

அண்ணன்

மார்ச் 2

அண்ணா,

க்ளிப் கிடைத்தது. நானே செருகினேன். மணி கப்சிப். இவர் உங்களுக்குக் கோவில் கட்டாத குறை.

தங்கை

ஆகஸ்ட் 19

அண்ணா,

இவர் போய் இரண்டு மாதமாகிறது. உங்கள் மேல் குற்றமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் வாசலில் நின்று என்ன பேசினீர்கள் என்று எனக்குக் கேட்டது. "அந்த வண்டிக்கு முன்பக்கத் தகடு மெலிசு, அதான்" என்றீர்கள். மூன்று பேருக்கு மூன்று தடவை விளக்கினீர்கள். எங்களுக்கு அந்த வண்டியை வாங்கச் சொன்னதே நீங்கள்தானே?

வண்டியில் இருந்த சாமான்களை நேற்று ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடி, டெலிவரி நோட்டு, உங்கள் க்ளிப். அதில் ஒரு கீறல்கூட இல்லை. கொடுத்த போலீஸ்காரர் நல்ல மனுஷன், மனசு கேட்காமல் சொல்லிவிட்டார்: "ரெண்டு வண்டியும் வேகமே இல்லம்மா. பெல்ட் போட்டிருந்தா நடந்தே வீட்டுக்கு வந்திருப்பாரு."

வீட்டிலிருந்து இரண்டாவது தெரு, அண்ணா. இவருக்கு ஓட்டத் தெரியும். எதிரே வந்தவனுக்குத் தெரியவில்லை. அதற்கு உங்கள் கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லையே.

கேட்டது நான். செருகியது என் கை. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உங்கள் எழுத்தைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. க்ளிப்பை இதோடு அனுப்பியிருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு எழுதாதீர்கள்.

தங்கை

செப்டம்பர் 4

தங்கச்சி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

வாசலில் நான் தெரிந்துதான் உளறினேன். செய்தி வந்த நிமிஷமே எனக்கு க்ளிப்தான் ஞாபகம் வந்தது. வாயை மூடினால் அதைச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் தகடு, தகடு என்று பேசிக்கொண்டே இருந்தேன். ஊரான் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடிக்கிறவன் நான். என் கடிதத்தை ஒரு தடவை திருப்பிப் படித்திருந்தால் மாப்பிள்ளை இருந்திருப்பார்.

என் வண்டியை விற்றுவிட்டேன். வாயும் அடங்கிவிட்டது. திட்டியாவது நாலு வரி எழுது.

அண்ணன்

டிசம்பர் 20

தங்கச்சி,

பதில் இல்லை. குட்டி எப்படி இருக்கிறாள்? அதையாவது எழுது.

அண்ணன்

இரண்டு வருடம் கழித்து, ஜூன் 11

அண்ணா,

குட்டிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. வேலைக்குப் போக ஒரு பழைய வண்டி பார்க்கிறாள். நான் வேண்டாம் என்று அழுதும் பார்த்தேன். "மாமாகிட்ட கேட்டுட்டுதான் வாங்குவேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். க்ளிப்பைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. உங்களுக்காக மட்டும் மறைக்கவில்லை, எனக்காகவும்தான்.

எனக்கு எழுத வேண்டாம். இன்னும் என்னால் முடியவில்லை. அவளுக்கு எழுதுங்கள். எந்த வண்டி என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். பெல்ட்டைப் பற்றி முதல் வரியிலேயே எழுதுங்கள். தெருமுனைக் கடைக்குப் போனாலும் போடச் சொல்லி எழுதுங்கள்.

நீங்கள் சொன்னால் கேட்பாள். அவள் அப்பாவும் கேட்டார்.

தங்கை