களஞ்சியத்தைத் திறந்தவர்

1331, செப்டம்பர்
ஆயர் இல்லம்

என் அன்பு அக்கா தெஸ்ஸாவுக்கு,

ஆண்டவர் அருளால் இருக்கிறேன். படியேறினால் மட்டும் மூச்சு முரண்டு பிடிக்கிறது. பேராலயத்தில் ஆயர்கள் வரிசையில் என் கல்லறை முடியப்போகிறது. அளவு சரியா என்று மூடிக்கல்லில் படுத்துப் பார்த்தேன்; எழ முடியவில்லை! சிற்பி லாப்போ தூக்கிவிட்டு, "அவசரப்படாதீங்க சாமி, இன்னும் மெருகே போடல" என்றான்.

மேலே இரண்டு வானதூதர்கள் திரையை விலக்க, நான் பளிங்கில் உறங்குகிறேன். கீழே, பஞ்சத்தின்போது நான் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட காட்சி. நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்குள் வந்து பார். உன்னைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் தம்பி,
ரினூச்சோ

அக்டோபர்

அருமைத் தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல எங்கள் பாதிரியார் எழுதுகிறார். திட்டு எதையும் குறைக்கக் கூடாது என்றிருக்கிறேன்.

நீயா திறந்தாய்? அடப்பாவி! "குருக்களைக் கேக்கணும், யோசிக்கணும்" என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதைப் பிடுங்கித் திறந்தவள் நான். பளிங்கிலுமா பொய்? அதைப் பார்க்க நான் மலையிறங்க மாட்டேன்.

மூச்சுக்குத் தேன் அனுப்பியிருக்கிறேன். வெறுங்காலோடு கோயில் தரையில் நிற்காதே.

தெஸ்ஸா

நவம்பர்

அக்கா,

தேன் இதமாக இருந்தது, திட்டும்தான். நீ சொன்னது சத்தியம். உன்னையும் அந்தக் காட்சியில் சேர்க்கச் சொன்னேன். "பளிங்குல சேக்க முடியாது சாமி, எடுக்கத்தான் முடியும்" என்றான் லாப்போ. "அப்ப எடு" என்றேன்.

இப்போதாவது வா. படுக்கையிலிருந்தே எழுதுகிறேன்.

ரினூச்சோ

டிசம்பர்

தம்பி,

இது உனக்கு வந்து சேராது என்கிறார் பாதிரியார். "நீங்க எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன். பன்றி குட்டி போட்டது, பாதையில் பனி என்று நாளைத் தள்ளினேன். நான் வந்தபோது உன்னைக் கல்லுக்குள் வைத்துவிட்டார்கள்.

பார்த்தேன். களஞ்சிய வாசலில் ஆயரே இல்லை. உன் ஆயர் தொப்பியைச் செதுக்கி எனக்கு முக்காடு. உன் அங்கியைக் குறைத்து எனக்குப் பாவாடை. கையில் சாவி. மூக்கு மட்டும் உன்னுடையது. அது நம் அப்பா மூக்கு, போகட்டும்.

"ஆயர் எங்கேப்பா?" என்று கேட்டேன். லாப்போ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரைச் செதுக்கித்தாம்மா உங்களை எடுத்தேன். அவரே சொன்னாரு" என்றான்.

என் ராசா, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அண்ணாந்து பார்த்தால், வானதூதர்கள் திரையை மூடப் போகிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றேன். "இவன்கிட்ட நான் இன்னும் பேசி முடிக்கல."

உன் அக்கா,
தெஸ்ஸா