நந்து என்றொரு சொல்

1961 ஐப்பசி, வெள்ளி இரவு

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சரோஜா டீச்சரை இவர் இன்று தேத்தண்ணிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார். வாசலில் நான் போட்ட முட்டைக்கோவாப் பாத்தியில் நத்தைகள் இலையைத் தின்றுகொண்டிருந்தன.

"பழைய பாட்டுகள்ல இதுக்கு நந்துன்னு பேரு. சங்கையும் அப்படிச் சொல்லியிருக்காங்க" என்றார் டீச்சர்.

"வேற அர்த்தமும் இருக்குல்ல?" என்று இவர் ஆசையாகக் கேட்டார்.

"நந்துறதுன்னா வளர்றதுங்க சார். கெட்டுப்போறதும் அதேதான்."

இருவரும் சிரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டதில்லை. குழம்பில் உப்புப் போட்டாயா என்றுதான் கேட்பார்.

உள்ளே போய் ஒரு கை உப்பை அள்ளிவந்து, அவர்கள் பார்க்கவே நத்தைகள் மேல் கொட்டினேன். அவை நுரைத்துச் சுருண்டன. டீச்சர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

சாப்பிடும்போது இவர் என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே அவங்கள இங்க கூட்டிக்கிட்டு வரமாட்டேன், போதுமா?" என்றார்.

எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால், இனி இவர் டீச்சரோடு எங்கே உட்கார்ந்து பேசுவார் என்று நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.