முழங்காலில் சொன்ன பொய்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

பேத்தி நன்றாகப் பால் குடிக்கிறாளா? நம் மகளின் பேறுகாலத்துக்குக் கிளம்பும்போது நீ நாள்வாரியாகப் பிரித்து வைத்த சர்க்கரை மாத்திரை டப்பா அப்படியே இருக்கிறது. தினமும் போனில் “போட்டாச்சு” என்றேன். போடவில்லை. உபவாச ஜெபத்தை நடத்துகிற போதகரே மாத்திரைக்காகச் சாப்பிட்டால் சபை என்ன நினைக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் கண் இருட்டியது. கால் துவண்டு முழங்காலில் விழுந்தேன். நான் ஜெபிக்கிறேன் என்று நினைத்து சபை மொத்தமும் முழங்கால் போட்டது. உதவிப் போதகர் மட்டும் குனிந்து, “ஐயா, முடியலையா? மீதியை நான் பேசட்டுமா?” என்று காதருகே கேட்டார். ஒரு நாளாவது அவருக்கு மேடையை விட்டுக்கொடுத்தவனா நான்? “ஜெபம் பண்றேன், போங்க” என்றேன்.

உன்னிடம் பொய் சொன்னதாவது நாற்காலியில் உட்கார்ந்து. இது முழங்காலில்.

மூட்டுவலிக்காரர் நம் தையல்காரர். நான் எழும்வரை அவரும் எழவில்லை. பிறகு அவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியதாயிற்று. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்ககூட முழங்கால் போட்டதே பாக்கியம் ஐயா” என்று அழுதார். நான் “ஸ்தோத்திரம்” என்றேன்.

வரும் ஞாயிறு உதவிப் போதகர்தான் பேசுவார். நடந்ததை நானே சபையில் சொல்லப்போகிறேன். அதற்கு முன் தையல்காரரிடம் சொல்ல வேண்டும். இன்று இரண்டு முறை அவர் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன்.

காலை மாத்திரையைப் போட்டுவிட்டேன். இதையாவது நம்பு என்று கேட்க எனக்கு வாயில்லை.

உன்னவன்