சாய்க்காத நாற்காலி

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லாமல் முடியவில்லை. பயப்படாதே, அப்பா பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் அதைவிட அழுவேன், அதனால்தான் கடிதம்.

போன மாதம் கடையில் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்து கத்தி கழுத்துக்கு வந்த நேரம், அப்பா முகம் வெளிறிப் பின்பக்கமாகச் சரிந்துவிட்டார். முன்பக்கம் விழுந்திருந்தால்? வேன்காரர் கதி என்ன! அப்பாவுக்கு மயக்கம் புதிதா என்ன, சவரக்காரருக்கு ரத்தம் ஆகாது என்று எல்லோரும் கேலி பண்ணுவார்களே. வழக்கம்போல நானும் உன் தம்பியும், தரையெல்லாம் வெட்டிய முடி, அதிலேயா படுக்க வைப்பது என்று தூக்கி, பக்கத்து நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, தலை தொங்காமல் பிடித்துக்கொண்டு, முடிக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலால் முகத்தில் அடித்தோம். எப்போதும் கண் திறப்பவர் அன்றைக்குத் திறக்கவில்லை, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பாதி நுரையோடு எழுந்த வேன்காரர்தான் வேனின் நீள இருக்கையில் படுக்கப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். படுத்ததும் அப்பா கண் திறந்தார், அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அங்கே மயக்கம் ஏன் வருகிறது என்று பார்க்க அவரை ஒரு கட்டிலோடு பட்டை போட்டுக் கட்டி, கட்டிலையே நிமிர்த்தி நிறுத்தினார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். திரையில் துள்ளித் துள்ளிப் போன கோடு, ஐயோ பாப்பா, அப்படியே நேர்கோடாகப் போனது. அப்பாவின் இதயம் நின்றுவிட்டது! கட்டிலைச் சாய்த்தார்கள், கோடு மறுபடி துள்ளியது. அதற்குப் பிறகு எனக்குத்தான் கட்டில் தேவைப்பட்டது. டாக்டரம்மா என்னிடம் வந்து, இதயத்துல கோளாறு இல்லம்மா, மெதுவாப் போன்னு சொல்ற நரம்பு நில்லுன்னே சொல்லிடுது என்றார். விழுந்தா என்ன பண்ணுவீங்க என்று கேட்டார், நானும் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நிமித்தி வெச்சா மூளைக்கு ரத்தம் எப்படிம்மா போகும், படுக்க வெச்சுக் காலைத் தூக்கணும், உங்க நாற்காலி சாயவே சாயாதா என்றார். சாயும், பாப்பா. சாய்க்கிற கைப்பிடி பக்கத்திலேயே இருக்கிறது. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சாய்க்கிறோம், அவருக்கு ஒருநாளும் சாய்க்கத் தோன்றவில்லை.

பிறகு சொன்னாரே ஒரு வைத்தியம்! தொடை வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் விட்டு அந்த நரம்பின் நுனிகளைச் சுட்டுவிடுவார்களாம். இதயத்தைச் சுடுவதா என்று நான் கத்தியதில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார். இது புதுசும்மா, எல்லாருக்கும் பண்ண மாட்டோம், மறுபடி மயக்கம் வராதுன்னு சத்தியமும் பண்ண மாட்டேன் என்றார் டாக்டரம்மா. அப்பா ஒரே பேச்சு, கத்தி பிடிக்க முடியலன்னா நான் எதுக்கு, சுடட்டும் என்றார். சுட்டார்கள். வெளியே நான் கும்பிடாத சாமி இல்லை. முடிந்ததும் அந்த நரம்பைத் தூண்டிப் பார்த்தார்களாம், கோட்டின் துள்ளல் நிற்கவில்லை.

நேற்றுதான் வேலைக்குப் போகச் சொன்னார்கள். கடை திறந்ததும் வேன்காரர் வந்து நிற்கிறார், ஒரு கன்னம் மழமழவென்று, ஒரு கன்னம் காடாக! அந்தப் பக்கத்தை மட்டும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார், வேனில் பிள்ளைகள் சிரித்தே ஓய்ந்துவிட்டார்களாம். மீதிய நீங்கதான் எடுக்கணும் என்று கழுத்தைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் கை கத்திப் பக்கமே போகவில்லை. நான் இன்னொரு நாற்காலியை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இழுத்து, முழுக்கச் சாய்த்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தார், பிறகு கத்தியை எடுத்தார். முடிகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. அவர் விழவில்லை, பாப்பா.

நீயும் அப்பா மாதிரிதான், ஊசியைப் பார்த்தாலே சரிவாய், உன்னையும் இப்படித்தானே நிமிர்த்திப் பிடித்தோம். அதை நினைத்து நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. சாக்குச் சொல்லாமல் ஒரு டாக்டரைப் பார், தண்ணீர் நிறையக் குடி. இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடு, நீ விழுந்தால் தூக்க வேண்டாம், அங்கேயே படுக்க வைக்கட்டும், தரை எப்படி இருந்தாலும் சரி.

இன்னும் நடுக்கம் தீராத,
உன் அம்மா