நாலு வீட்டு மாவட்டம்

அண்ணை,

இன்று காலை யன்னலைத் திறந்தேன். பக்கத்துப் பண்ணையில் எருப் போட்டிருக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டே உங்களை நினைத்தேன், கோபிக்காதீர்கள்.

கனடாவில், ஸ்ரௌவ்வில்லின் இந்த ஓரத்துக்கு முதலில் குடிவந்தவை நாலே நாலு தமிழ் வீடுகள். சுற்றிவரச் சோளக்காடு. பஸ் இல்லை, கடை இல்லை. கார் ஓடத் தெரியாத உங்கள் மனைவி, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர், வந்த கிழமையே பெட்டியைக் கட்டிவிட்டார்.

"எங்கட வழக்கத்திலை மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வாறது. நீங்கள் என்னைக் காட்டுக்கெல்லோ கொண்டுவந்து விட்டிருக்கிறியள்! நான் முந்தி இருந்த வெக்ஸ்போர்ட்டுக்கே போறன்." பக்கத்து வீட்டில் என் குசினி அடுப்படிவரைக்கும் கேட்டது.

நீங்கள் கெஞ்சவில்லை. கூட்டம் வைத்தீர்கள். உங்கள் கராஜில் நாலு வீட்டாரையும் மடக்குக் கதிரைகளில் இருத்தி, "இண்டையிலையிருந்து இது தனி மாவட்டம்" என்று அறிவித்தீர்கள். ஊரில் அரச அதிபரின் கச்சேரியில், மாவட்ட அலுவலகத்தில், கிளாக்கராக இருந்த பழக்கம் விடுமா? மாவட்டமென்றால் தலைநகர் வேண்டும், பேர் வேண்டும் என்று அடுக்கினீர்கள். என்னைக் கேளாமலே என்னைச் செயலாளராக்கினீர்கள்.

பேரில்தான் வெடித்தது. நான் என் ஊரான வேலணையைச் சொன்னேன். எதிர்வீட்டு அங்கிள் தன் ஊரைச் சொன்னார். மற்ற வீட்டார் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பப் பார்த்தார்கள். மாவட்டம் அங்கேயே இரண்டாகப் பிரிந்திருக்கும். உங்கள் கரவெட்டியை விட்டால் உலகத்தில் ஊரே இல்லை என்று எங்கள் காதைத் தின்ற நீங்கள், அப்போது எழுந்து நின்று சொன்னீர்கள்: "அளவெட்டி மாவட்டம்."

அது அக்காவின் ஊர். நீங்கள் அக்காவின் பக்கம் திரும்பினீர்கள்.

"தலைநகர் எங்கட குசினி. இஞ்சேரும், இனி இது உம்மட ஊர். நான்தான் வந்து குடியேறின மாப்பிள்ளை."

"என்ரை ஊரின்ரை பேரை இந்தச் சாணி நாத்தத்துக்கோ வைக்கிறியள்?" என்று அக்கா சீறினார். ஆனால் பெட்டியை அவிழ்த்தார். மறுநாள் தலைநகரில் எல்லாருக்கும் தோசை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு உங்கள் மகள் அக்காவை வெக்ஸ்போர்ட்டுக்குக் கூப்பிட்டாள். நல்ல அப்பார்ட்மென்ட், வாசலில் பஸ், பக்கத்தில் தமிழ்க் கடை. "இஞ்சை தனிய இருந்து என்னம்மா செய்யப்போறீங்கள்?" அக்காவை விட்டால் இந்தப் பக்கத்தில் எனக்கும் யார் இருக்கிறார்கள்?

அக்கா மாவைக் கரைத்தபடியே சொன்னார்: "மாப்பிள்ளை போயிட்டார். அதுக்காக ஆரும் சொந்த ஊரை விட்டுட்டுப் போவினமோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, அண்ணை. அன்றிலிருந்து யார் எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும், வேலணைக்காரி நான் வாய் கூசாமல் அளவெட்டி என்கிறேன்.